'ராஸி' படத்தை 14 வயதுப் பெண்ணுக்குக் காட்டலாமா?

மும்பை முலுண்டில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 11. மகளின் வகுப்பில் பாதிப் பேர் 'ராஸி' என்ற இந்தி உளவுப் படத்தைப் பார்த்துவிட்டார்களாம். "உண்மைக் கதைம்மா, ஹிஸ்டரிதான்" என்று தினமும் நச்சரிக்கிறாள். இரண்டு பேரும் பார்க்கட்டுமே என்கிறார் கணவர். கொலையும் துரோகமும் இருக்கிற படம் பிள்ளைகளுக்கு எதற்கு என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?

மகளுக்குக் காட்டுங்கள், ஆனால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். மகனுக்கு இப்போது வேண்டாம், இரண்டு மூன்று வருடம் போகட்டும். உங்கள் மாமியார் சொல்வதில் கொலை பற்றிய பாதியை விட்டுவிடலாம். துரோகம் பற்றிய பாதி மிகவும் சரி. கதையின் திருப்பங்களைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் முதலில் தனியாக ஒரு தடவை பார்த்துவிட்டு இதைப் படியுங்கள்.

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு செம்பூரில் எங்கள் சொசைட்டி ஹாலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டி, முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிறோம். 'ராஸி'யை மூன்று முறை போட்டிருக்கிறேன். முதல் முறை ஒரு தவறு செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சான்றிதழ். 2018 மே மாதம் வெளியானபோது படத்துக்குக் கிடைத்தது யு/ஏ. அப்போது யு/ஏ என்றால், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான். 2023-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் யு/ஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். 'ராஸி' அதற்கு முந்தைய படம். அதனால் 13-ஆ, 16-ஆ என்று அந்தத் தியேட்டர் சான்றிதழ் உங்களுக்குச் சொல்லாது.

அம்மாக்கள் வழக்கமாகக் கேட்கும் விஷயங்களில் இந்தப் படம் சாதுவானது. ரத்தம் அதிகம் இல்லை. காது கூசுகிற பேச்சு இல்லை. கணவனும் மனைவியும் நெருங்குகிற இடம் வரும், கண்ணியமாகத்தான் எடுத்திருக்கிறார்கள். கடைசிப் பகுதியில் கர்ப்பம், கருவை வைத்துக்கொள்வதா என்ற பேச்சு வரும். 14 வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் புதிது இல்லை. படத்தின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது.

கதை நடப்பது 1971-இல். ஸெஹ்மத் டெல்லியில் படிக்கும் காஷ்மீரத்துப் பெண். அப்பா இந்திய உளவுத்துறைக்கு உதவுபவர், நோய் முற்றிச் சாகும் நிலையில் இருக்கிறார். தான் விட்டுப்போகும் வேலையை மகள் எடுத்துச் செய்ய வேண்டும் என்று, பாகிஸ்தான் ராணுவ பிரிகேடியர் ஒருவரின் மகனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்கிறார். அவளும் சம்மதிக்கிறாள். கொஞ்ச நாள் பயிற்சி, பிறகு கல்யாணம், பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள். மாமனார் அவளை மகளைப் போல நடத்துகிறார். கணவன் இக்பால் பொறுமைசாலி, மென்மையானவன், அவளுக்கு நேரம் கொடுக்கிறவன். இந்த மனிதர்களைத்தான் அவள் ஏமாற்ற வேண்டும். பெரும்பாலான உளவுப் படங்களில் எதிரி கொடூரமாக இருப்பான், அதனால் கதாநாயகன் செய்வதெல்லாம் சரியாகிவிடும். இந்தப் படத்தில் அந்த வசதி கிடையாது.

இப்போது நான் செய்த தவறு. முதல் முறை வயது பார்க்காமல் எல்லாரையும் உட்காரவைத்தேன். 11, 12 வயதில் நான்கு பேர் இருந்தார்கள். பாதிப் படம் வரை அவர்களுக்குக் கொண்டாட்டம். குளியலறைக்குள் ஒளிந்து அவள் மோர்ஸ் சங்கேதத்தில் செய்தி தட்டும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், அவள் தப்பித்ததும் கை தட்டினார்கள். அந்த வீட்டில் அப்துல் என்று வயதான வேலைக்காரர் ஒருவர் உண்டு. புது மருமகள் மேல் அவருக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். ஒரு நாள் கண்டுபிடித்துவிடுகிறார். சொல்வதற்காக வெளியே ஓடுகிறார். ஸெஹ்மத் ஜீப்பை எடுத்துத் துரத்தி, அவர் மேலேயே ஏற்றுகிறாள்.

ஹாலில் சத்தமே இல்லை. அதுவரை அதிகமாகக் கை தட்டிக்கொண்டிருந்த பையன் திரும்பி என்னைப் பார்த்து, "டீச்சர், அந்தத் தாத்தா என்ன தப்பு பண்ணாரு?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. அப்துல் ஒரு தப்பும் செய்யவில்லை. சாப்பாடு போட்ட வீட்டுக்கு விசுவாசமாக இருந்தார், அவ்வளவுதான். படம் ஓடிக்கொண்டே இருந்தது, அவன் கேள்வி அப்படியே நின்றது. இரண்டு நாள் கழித்து அவன் அம்மா போன் செய்தார். பையன் ராத்திரியில் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறானாம். "நம்ம வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் நிஜமாவே நம்மகூட நல்லா இருக்காங்களா, இல்ல நடிக்கிறாங்களா?" என்று கேட்கிறானாம். ஜீப் அவன் கனவில் வரவில்லை. பாசமாகப் பேசுகிற மருமகள் கொலை செய்வாள் என்பதுதான் அவனைப் பிடித்துக்கொண்டது. நான் நேரில் போய் அவனோடு பேசினேன், கொஞ்ச நாளில் சரியானான். ஆனால் அந்த வயதில் அவனுக்கு அது தேவையில்லாத பாரம். வைத்தது நான். 11 வயதில் பிள்ளைகள் வீட்டைத்தான் முழுதாக நம்பிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நம்பிக்கையைத்தான் இந்தப் படம் அசைக்கிறது. உங்கள் மகனுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

அதே நாள், அதே ஹாலில், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். படம் முடிந்ததும் பையனின் கேள்வியை அவளே எடுத்துக்கொண்டாள். "அவர் தப்பு பண்ணல. அவர் பக்கத்துக்கு அவர் பண்ணது சரி. இவங்க பக்கத்துக்கு இவங்க பண்ணது சரி. ஆனா செத்தது அவர். அதை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னுதான் தெரியல." இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. நான் வகுப்பில் எத்தனையோ போர்களைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். எந்த மாணவியும் போரைப் பற்றி என்னிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் ஒரு நல்லவர் சாகலாம் என்பதை மனதில் வைத்துத் தாங்குகிற பலம் 14, 15 வயதில் வரத் தொடங்குகிறது. அது வரும்போது இந்தப் படம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

மகளோடு பார்க்கும்போது இரண்டு இடங்களில் நிறுத்துங்கள். ஒன்று பாட்டு. ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஸெஹ்மத் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். ஆண்டு விழாவில் குழந்தைகள் மேடையில் நின்று, தேசமே நீ நன்றாக இரு என்று பாடுகிறார்கள், அவளும் சேர்ந்து பாடுகிறாள். குல்ஸார் எழுதிய அந்தப் பாட்டில் எந்த நாட்டின் பெயரும் வராது. குழந்தைகள் மனதில் பாகிஸ்தான், அவள் மனதில் இந்தியா, பாட்டு ஒன்றுதான். எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளுக்குப் பெருமை தாங்கவில்லை. இதைப் பார்த்துவிட்டு உங்கள் மகளிடம், "இந்தக் குழந்தைங்க மேல உனக்குக் கோபம் வருதா?" என்று மட்டும் கேளுங்கள். வேறு எதுவும் விளக்க வேண்டாம். பள்ளியில், வாட்ஸ்அப்பில், கிரிக்கெட் மேட்சின்போது பிள்ளைகள் காதில் எந்த மாதிரிப் பேச்சு விழுகிறது என்று எனக்குத் தெரியும். மும்பையில் வளரும் பிள்ளைகளுக்குப் பக்கத்து பெஞ்சில் ஸெஹ்மத் மாதிரிப் பெயருள்ள தோழிகள் இருப்பார்கள். நாட்டுக்காக எல்லாவற்றையும் கொடுத்தவள் ஒரு முஸ்லிம் பெண் என்பதை இந்தப் படம் வசனம் போட்டுச் சொல்லாமல் கதையாகவே வைத்திருக்கிறது. கோஷம் போட வைக்கிற பல படங்களை விட்டுவிட்டு இதை நான் திரும்பத் திரும்ப எடுப்பது இதனால்தான்.

இரண்டாவது இடம் படத்தின் பெயர். ராஸி என்றால் சம்மதித்தவள். இந்தச் சொல் நமக்கும் பழக்கமானதுதான். இரண்டு தரப்பும் ராஜி ஆகிவிட்டார்கள் என்கிறோமே, அந்த ராஜி இதுதான். ராஜினாமாவில் இருப்பதும் இதேதான். ராஜி, நாமா என்று பிரித்தால் சம்மதப் பத்திரம். நம் வழக்கில் அது வேலையை விட்டு விலகும் கடிதமாகிவிட்டது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: ஸெஹ்மத் சம்மதித்தாளா, சம்மதிக்க வைக்கப்பட்டாளா?

அப்பா கட்டாயப்படுத்தவில்லை. கேட்டார், அவள் சரி என்றாள். ஆனால் சாகப்போகும் அப்பா கேட்கும்போது எந்த மகளால் முடியாது என்று சொல்ல முடியும்? தான் எதற்குச் சரி என்கிறோம் என்பது அந்த நிமிடத்தில் அவளுக்கு எவ்வளவு தெரியும்? எங்கள் ஹாலில் இந்தக் கேள்வி முக்கால் மணி நேரம் ஓடியது. ஒரு பெண் சட்டென்று, "எனக்கு சயின்ஸ் குரூப்புக்கு ஓகே சொன்ன மாதிரி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. இன்னொருத்தி, "இல்ல, அவங்களுக்கு நாட்டு மேல நிஜமாவே ஆசை இருந்துச்சு, அதையும் நாம மதிக்கணும்" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. உங்கள் மகள் என்ன சொல்வாள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலை உடனே திருத்தாதீர்கள். அம்மா அப்பாவுக்காகத் தான் எதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறேன் என்று அவள் யோசிக்கத் தொடங்கலாம். அந்தப் பேச்சு உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, "ஹிஸ்டரிதான்" என்று அவள் சொல்கிறாளே, அதற்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கவலை அதிகம். படம் ஹரிந்தர் சிக்கா என்பவர் எழுதி 2008-இல் வந்த நாவலிலிருந்து எடுத்தது. அவர் கடற்படையில் இருந்தவர். உண்மையாக வாழ்ந்த ஒரு பெண்ணின் கதை இது என்பது அவர் சொல்வது. அவர் சொல்லும் பெண் யார் என்பதை நிறுவும் அரசு ஆவணம் எதுவும் பொதுவெளியில் இல்லை. உளவு வேலை என்றால் அப்படித்தான் இருக்கும். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் ரகசியத்தை நீயே வெளியில் போட்டதாகிவிடும் என்று குறளின் ஒற்றாடல் அதிகாரமே சொல்கிறது. அதே அதிகாரத்தில் இன்னொரு குறள், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறது. நான் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன். படம் உங்களுக்கு ஒரு செய்தி கொண்டுவந்திருக்கிறது, அதை இன்னோர் இடத்தில் சரிபாருங்கள்.

அதற்குப் படம் பார்க்கும் முன்பே ஓர் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் அவாமி லீக் பெரும்பான்மை பெற்றது, ஆட்சியை அதனிடம் கொடுக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு ராணுவம் டாக்காவில் இறங்கியது. சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். டிசம்பர் 3-இல் போர் தொடங்கி 16-இல் முடிந்தது, பாகிஸ்தான் தரப்பில் சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள், வங்கதேசம் பிறந்தது. இது தெரியாமல் படம் பார்த்தால், ஒரு பெண் ஒரு கப்பலைக் காப்பாற்றியதுதான் போர் என்று மனதில் நின்றுவிடும். கிழக்கு வங்காளத்து மக்கள் பட்ட பாட்டுக்குப் படத்தில் இடம் குறைவு, அதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். 'ரா' என்ற நம் வெளிநாட்டு உளவு அமைப்பு 1968-இல்தான் தொடங்கப்பட்டது, கதை நடக்கும்போது அதற்கு மூன்று வயது. கல்லூரிப் பெண்ணைக் கொஞ்ச நாள் பயிற்சியோடு அனுப்புகிற அவசரத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மும்பையில் இருப்பதால் உங்கள் கையில் இன்னொரு வசதி இருக்கிறது. இந்தப் போர் நம் ஊர் ஜன்னல் வரை வந்தது. எனக்கு அப்போது 7 வயது, மாட்டுங்காவில் இருந்தோம். அப்பா மைதாப் பசை காய்ச்சி ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கருப்புத் தாள் ஒட்டினார். ஒரு மூலையில் தாள் சரியாக ஒட்டாமல் விரல் அகலத்துக்கு வெளிச்சம் கசிந்தது. கீழே ரோந்து வந்தவர்கள் விசில் அடித்து எங்கள் மாடியைக் காட்டினார்கள். அம்மா ஓடிப்போய்ப் புடவைத் தலைப்பால் அந்த மூலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், அப்பா விளக்கை அணைக்கும் வரை. தெருவில் கார்களின் முகப்பு விளக்கில் பாதிக்குக் கருப்பு மை பூசியிருந்தார்கள். உங்கள் மாமியார் அப்போது இங்கே இருந்தவர் என்றால் அவரையே பேசச் சொல்லுங்கள். படத்துக்கு எதிராக இருப்பவர் முன்னுரை கொடுப்பவராக மாறிவிடுவார், பேத்திக்கும் அது மறக்காது.

படத்தின் மையமான செய்தி, நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை நீர்மூழ்கியை வைத்து மூழ்கடிக்கும் பாகிஸ்தானின் திட்டம். அந்த ஆபத்து கற்பனை இல்லை. டிசம்பர் 9 இரவு, தியூவுக்கு அருகே நம் குக்ரி கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கியதில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். விக்ராந்தைத் தேடி வங்காள விரிகுடாவுக்கு வந்த நீர்மூழ்கி காஜி. அது விசாகப்பட்டினத்துக்கு வெளியே டிசம்பர் 3, 4-க்கு இடைப்பட்ட இரவில் மூழ்கியது, அதிலிருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ராஜ்புத் என்ற நம் கப்பல் போட்ட வெடிகுண்டால் என்கிறது இந்தியத் தரப்பு. உள்ளேயே நடந்த வெடிப்பு, அல்லது அதுவே விதைத்த கண்ணிவெடி என்கிறது பாகிஸ்தான் தரப்பு. பெரிய பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லுங்கள். குறள் சொன்ன சரிபார்ப்புக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

உங்கள் கணவருக்கு ஒரு யோசனை. 'ராஸி' மகளுக்குப் பிடித்தால், அடுத்து 2015-இல் வந்த 'பிரிட்ஜ் ஆஃப் ஸ்பைஸ்' காட்டலாம். அமெரிக்காவில் பிடிபட்ட சோவியத் உளவாளி ஏபெலையும், சோவியத் நாட்டில் விமானத்தோடு சுடப்பட்டு விழுந்த பவர்ஸையும் 1962 பிப்ரவரி 10 அன்று பெர்லின் ஓரத்துப் பாலம் ஒன்றில் மாற்றிக்கொண்ட கதை. அதன் முக்கிய மனிதர் ஒரு வக்கீல், யாரையும் கொல்வதில்லை. பெர்லின் சுவரைத் தாண்ட முயன்றவர்கள் சுடப்படும் காட்சி ஒன்று இருக்கிறது, அது வேகமாகக் கடந்துவிடும். மெதுவாக நகரும் படம் என்பதால் 14-இல் சிலருக்கு அலுக்கும், அலுத்தால் விட்டுவிடுங்கள்.

இனி மகன். அக்காவுக்கு உண்டு, எனக்கு இல்லையா என்று அவன் கேட்பான், நியாயம்தான். அவனை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அதே காஜியின் கதையை அவனுக்கு நீங்கள் வாயால் சொல்லலாம். அதில் துரோகம் இல்லை, தந்திரம் இருக்கிறது, 11 வயதுக்கு அது தேன். அப்போது கிழக்குக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தை அவர் சத்தமில்லாமல் அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டார். ராஜ்புத் கப்பலை வெளியே விட்டு, விக்ராந்த் பேசுவதுபோல் கம்பியில்லாத் தந்தியில் நிறையச் செய்தி அனுப்பச் சொன்னார். விக்ராந்த் மாலுமி ஒருவர் தன் அம்மாவின் உடல்நிலையை விசாரிப்பதுபோல் ஒரு தந்தி சங்கேதம் இல்லாமல் போனது. விசாகப்பட்டினத்துக் கடைகளில் பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு இறைச்சியும் காய்கறியும் வாங்கக் கேட்டார்கள். சந்தையில் நடமாடும் ஒற்றர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கொள்முதல்.

முடித்த பிறகு, அதே விக்ராந்த் பிறகு நம் மும்பையிலேயே அருங்காட்சியகமாக நின்றதையும், 2014-இல் இங்கேயே உடைக்கப்பட்டதையும், அதன் உலோகத்தைக் கலந்து பஜாஜ் வி பைக் செய்ததையும் சொல்லுங்கள். உங்கள் தெருவில் யாரிடமாவது அந்த பைக் இருந்தால் அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கதையின் நடுவில் அவன் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக, "அப்போ நிஜ விக்ராந்த் எங்க இருந்துச்சு?" என்பதாக இருக்கும். வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.